கல்யாணத்துக்கு முன் மருத்துவப் பரிசோதனை: எதை, எப்போது, எங்கே, எவ்வளவுக்கு

இந்தியாவில் கல்யாணத்துக்கு முன் மருத்துவப் பரிசோதனை சட்டப்படி கட்டாயம் இல்லை. திருமணப் பதிவு அலுவலகத்தில் யாரும் ரத்த ரிப்போர்ட் கேட்க மாட்டார்கள். அதனாலேயே இதற்கென்று ஒரு படிவமோ கவுன்டரோ கிடையாது. நாமாகத் தேடிப் போய், கேட்டுக் கேட்டுத்தான் செய்துகொள்ள வேண்டும். நானும் என் கணவரும் அப்படித்தான் அலைந்தோம். ஒரு மருத்துவர், "உடம்புக்கு ஒன்றும் இல்லையே, எதற்கு டெஸ்ட்?" என்றார். ஒரு லேபில் பணம் கட்டினால் போதும், எதை வேண்டுமானாலும் எடுத்துத் தரத் தயாராக இருந்தார்கள். எது தேவை, எது வீண் என்று சொல்ல ஆள் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. இது பாஸ், ஃபெயில் போடும் பரீட்சை இல்லை. கீழே வரும் பட்டியலில் தானாகவே கல்யாணத்தை நிறுத்திவிடும் ரிப்போர்ட் எதுவும் கிடையாது. ஊசி போட்டால் தீர்வது, மாத்திரையை மாற்றினால் தீர்வது, குழந்தை பெற்றுக்கொள்ளும் முன் ஒரு நிபுணரைப் பார்க்க வேண்டியது என்று மூன்று வகைக்குள் பெரும்பாலானவை அடங்கிவிடும்.

1. முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஆறு மாதம் இருந்தால் நிம்மதி. மஞ்சள் காமாலை பி வகைக்கான (ஹெபடைட்டிஸ் பி) தடுப்பூசி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. ஊசியும் 15 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆறு மாதத்தில் மூன்று தவணைதான். தையில் கல்யாணம் என்றால் ஆடியிலேயே தொடங்கிவிடலாம். கல்யாண வேலை எதுவும் நடக்காத மாதம், மண்டபக்காரர்கூட அப்போது போன் செய்ய மாட்டார்.

அவ்வளவு நாள் இல்லையா? இரண்டு மாதம் இருந்தாலும் ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் முடித்துவிடலாம். ஊசியைத் தொடங்கி, மிச்சத் தவணையைக் கல்யாணத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஹெச்.பி.வி. ஊசி மட்டும், நடுவில் கரு தரித்துவிட்டால் மிச்சத்தைப் பிரசவத்துக்குப் பிறகுதான் போடுவார்கள்.

மரபணு சம்பந்தப்பட்ட பரிசோதனையை (நான்காம் படியில் வருகிறது) முடிந்தால் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே எடுங்கள். பத்திரிகை அடித்த பிறகு வரும் ரிப்போர்ட்டை யாராலும் நிதானமாகப் படிக்க முடியாது.

2. ஊசி குத்துவதற்கு முன் பேச்சு

இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து மூன்று விஷயங்களை முடிவு செய்துகொள்ளுங்கள். ரிப்போர்ட்டை யார் யார் பார்க்கலாம்? வீட்டுப் பெரியவர்களிடம் எந்த அளவு சொல்வது? ஏதாவது வந்தால் மருத்துவரைப் பார்க்கும்வரை யாரிடமும் சொல்லாமல் இருப்போமா? ரிப்போர்ட் வந்த பிறகு இதையெல்லாம் பேச உட்கார்ந்தால் அது சண்டையாகத்தான் முடியும்.

கேட்கத் தயக்கமாக இருந்தால், முதலில் நீங்கள் எடுத்துவிடுங்கள். "நான் எடுத்துட்டேன், ரிப்போர்ட்டைப் பாருங்க. நீங்களும் எடுத்துட்டா டாக்டர்கிட்ட ஒண்ணாப் போய்க் காட்டிடலாம்" என்றால் சந்தேகப்படுவதாகத் தோன்றாது. வருங்கால மாமனார், மாமியாரிடம் என்றால் மருத்துவர் பெயரில் சொல்வதுதான் எளிது: "அத்தை, டாக்டர் ரெண்டு பேருக்குமே எழுதிக் கொடுத்திருக்காங்க." பெண்ணை மட்டும் எடுக்கச் சொல்லும் வீட்டில் இந்த ‘ரெண்டு பேருக்குமே’வை அழுத்திச் சொல்லுங்கள். மாப்பிள்ளைக்கு எடுக்காத பரிசோதனையில் பாதிப் பதில்தான் கிடைக்கும்.

3. முதலில் மருத்துவர், அப்புறம் லேப்

பெரும்பாலானவர்கள் நேராக லேபுக்குப் போய் ‘பிரீ மேரிட்டல் பேக்கேஜ்’ வாங்குகிறார்கள். நான் பார்த்த பேக்கேஜ்களில் கொழுப்பும் வைட்டமின் டி-யும் தவறாமல் இருந்தன. தலசீமியா (பெற்றோர் வழியாகக் குழந்தைக்கு வரும் ரத்த நோய்) பரிசோதனை பலவற்றில் இல்லவே இல்லை. பரிசோதனைகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். சிறுநீரின் நிறத்தையும் தெளிவையும்கூடத் தனித்தனியாக எண்ணித்தான் ‘எண்பது டெஸ்ட்’ என்று போடுகிறார்கள்.

ஒரு பொது மருத்துவரையோ மகப்பேறு மருத்துவரையோ ஒருமுறை பாருங்கள். "கல்யாணத்துக்கு முன் செக்கப்" என்று மொட்டையாகச் சொல்லாமல், "குழந்தை பெற்றுக்கொள்வதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் பார்க்கணும், தலசீமியாவுக்கும் எழுதுங்கள்" என்று கேட்டால் சரியான சீட்டு கிடைக்கும். கையில் எடுத்துப்போக வேண்டியவை:

ஆதார் நகல். சிறுவயதுத் தடுப்பூசி அட்டை இருந்தால் அது. பழைய ஆபரேஷன், மருத்துவமனையில் தங்கிய டிஸ்சார்ஜ் சீட்டுகள். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை. சித்த மருந்து, முடி வளர சாப்பிடும் மாத்திரை, பருவுக்கான மாத்திரை உட்பட. அப்புறம் ஒரு வெள்ளைத்தாளில் குடும்ப மரம்: தாத்தா பாட்டி முதல் உங்கள் தலைமுறை வரை, யாருக்குச் சர்க்கரை, யாருக்கு வலிப்பு, சிறுவயதில் இறந்த குழந்தைகள், பிறவியிலேயே காது கேளாதவர்கள், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், யார் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். இந்தத் தாளுக்கு அப்பத்தா, அம்மாச்சியிடம் கேட்க வேண்டியிருக்கும். "அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து போயிடுச்சு" என்று மழுப்புவார்கள். எந்த வயதில், எத்தனை குழந்தைகள் அப்படி என்று விடாமல் கேளுங்கள்.

மாத்திரை விஷயத்தை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் சாப்பிடும் பெண்கள் நிறையப் பேர். அது கருவைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து. நிறுத்திக் குறைந்தது ஒரு மாதம் ஆன பிறகுதான் கரு தரிக்கலாம். வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வால்ப்ரோவேட்டும் கருவுக்கு ஆபத்தானது. ஆனால் அதைத் தானாக நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நரம்பியல் மருத்துவர்தான் வேறு மருந்துக்கு மெதுவாக மாற்ற வேண்டும், அதற்கும் சில மாதங்கள் ஆகும்.

4. தலசீமியாவும் அரிவாள் அணு சோகையும்

பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். தலசீமியா மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவருக்கு (இவரை ‘கேரியர்’ என்பார்கள்) உடம்பில் எந்தத் தொந்தரவும் தெரியாது. லேசான ரத்தசோகை இருக்கும், இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு கேரியர்கள் கட்டிக்கொண்டால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீதம் கடுமையான தலசீமியாவோடு குழந்தை பிறக்க வாய்ப்பு. அந்தக் குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஒருவர் மட்டும் கேரியர் என்றால் அந்த ஆபத்து இல்லை.

முதலில் சாதாரண சி.பி.சி. (ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் பரிசோதனை). அதில் ஹீமோகுளோபினை மட்டும் பார்க்காமல் எம்.சி.வி. (சிவப்பணுவின் அளவு), எம்.சி.ஹெச். (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின்) என்ற இரண்டு வரிகளையும் பாருங்கள். எம்.சி.வி. 80-க்குக் கீழோ எம்.சி.ஹெச். 27-க்குக் கீழோ இருந்தால் ஹெச்.பி.எல்.சி. முறையில் ஹீமோகுளோபின் வகைகளைப் பார்க்க வேண்டும். அதில் ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் பீட்டா தலசீமியா கேரியர். கையில் காசு இருந்தால் சி.பி.சி.யோடு சேர்த்தே இதையும் எடுத்துவிடுங்கள். ஆயுளில் ஒருமுறை எடுத்தால் போதும்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. கடுமையான இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஏ2 அளவு குறைத்துக் காட்டலாம். அப்போது சோகையைச் சரிசெய்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அடுத்தது, சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் ரிப்போர்ட்டில் கொடுத்தவரின் ரத்தமும் கலந்து தெரியும். மூன்று மாதம் பொறுத்து எடுக்க வேண்டும்.

அரிவாள் அணு சோகை (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் மாறிப்போகும் பரம்பரை நோய்) தமிழ்நாட்டில் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே கூடுதலாகக் காணப்படுகிறது. அதே ஹெச்.பி.எல்.சி.யில் இதுவும் தெரிந்துவிடும். 2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை இலவசமாகப் பரிசோதித்து அட்டையும் தருகிறார்கள். ஒருவர் தலசீமியா, மற்றவர் அரிவாள் அணு கேரியர் என்றாலும் குழந்தைக்கு நோய் வரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இருவருமே கேரியர் என்று வந்தால் மரபணு ஆலோசகரைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துக் கருவுக்கு நோய் இருக்கிறதா என்று சொல்ல முடியும். வேலூர் சி.எம்.சி.யில் இந்த வசதி இருக்கிறது. அதற்கு முன்பே இருவரின் மரபணு மாற்றம் எது என்று கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். கர்ப்பம் ஆன பிறகு தொடங்கினால் நேரம் போதாமல் போகும் இடம் இதுதான்.

5. தொற்றுகள்: நம்பிக்கை மையத்தில் தொடங்குங்கள்

ஹெச்.ஐ.வி.க்குத் தனியார் லேபைவிட அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையம் (ஐ.சி.டி.சி.) எனக்குப் பிடித்திருந்தது. பணம் கிடையாது. எடுப்பதற்கு முன் ஒரு ஆலோசகர் தனியறையில் பேசுகிறார், எடுத்த பின்னும் பேசுகிறார். பெரும்பாலும் அன்றைக்கே முடிவு தெரிந்துவிடும். அரசு மருத்துவக் கல்லூரி, மாவட்ட, தாலுகா மருத்துவமனைகளில் இருக்கும். அருகில் எங்கே என்று தெரியாவிட்டால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் போனால் "நாளைக்கு வாங்க" என்றுதான் பதில் வரும்.

2017-ஆம் ஆண்டின் ஹெச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் இந்தப் பரிசோதனையை எடுக்கக் கூடாது. முடிவை உங்கள் அம்மாவிடம்கூட உங்கள் அனுமதியின்றிச் சொல்லக் கூடாது. பேக்கேஜுக்குள் சத்தமில்லாமல் இதைச் சேர்த்து எடுக்கும் லேப்களும் உண்டு. நான் போன ஒரு லேபில் வரவேற்பு மேசையில் இருந்தவர் பரிசோதனைப் பட்டியலைக் கூடமே கேட்கும்படி உரக்க வாசித்தார். சீட்டை எழுதி நீட்டிவிட்டு, "படிக்க வேண்டாம், டைப் பண்ணுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு கணக்கு நினைவில் இருக்கட்டும். தொற்று ஏற்பட்டு உடனே எடுத்தால் தெரியாது. பரிசோதனை வகையைப் பொறுத்து ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை மறைந்திருக்கலாம். சமீபத்தில் ஏதாவது ஆபத்து இருந்திருந்தால் ஆலோசகரிடம் ஒளிக்காமல் சொல்லி, மறு பரிசோதனைத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் என்று வந்தாலும் கூட்டுமருந்து அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உறவின் வழியாகத் துணைக்குப் பரவாது. ஆனால் துணைக்குத் தெரிந்து, அவர் சம்மதித்துத்தான் கல்யாணம் நடக்க வேண்டும்.

இதோடு ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான வி.டி.ஆர்.எல். மூன்றையும் சேர்த்து எடுங்கள். ஹெபடைட்டிஸ் பி ஊசி நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு வந்து சேர்ந்ததே 2011 வாக்கில்தான். இப்போது கல்யாண வயதில் இருப்பவர்கள் பலர் போட்டிருக்க மாட்டார்கள். ஒருவருக்கு பி இருந்து மற்றவருக்கு இல்லையென்றால் மற்றவர் ஊசி போட்டுக்கொண்டால் போதும். தாய்க்கு இருந்தால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஊசியும் இம்யூனோகுளோபுலினும் (உடனே பாதுகாப்புத் தரும் எதிர்ப்புப் புரதம்) போட வேண்டும். இதைக் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சொல்லி வையுங்கள்.

6. பெண்ணுக்கு ருபெல்லா, இருவருக்கும் மற்றவை

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் போட்ட எம்.ஆர். (தட்டம்மை, ருபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை) ஊசி 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு. அப்போது அந்த வயதைத் தாண்டியிருந்தவர்களுக்குக் கிடைத்திருக்காது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் ருபெல்லா வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். ருபெல்லாவுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று காட்டும் ருபெல்லா ஐ.ஜி.ஜி. மட்டும் எடுங்கள். நெகட்டிவ் என்றால் எம்.எம்.ஆர். ஊசி, அதன்பின் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன் போடுவதில் இந்த வசதி இருக்கிறது.

சர்க்கரைக்கு ஹெச்பிஏ1சி, தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்., ரத்த அழுத்தம், சிறுநீர். இவை சீக்கிரம் முடிந்துவிடும்.

ரத்த வகையில்தான் வதந்தி அதிகம். இருவருக்கும் ஒரே வகை என்றால் கட்டக் கூடாது என்பது பொய். பெண்ணுக்கு நெகட்டிவ், ஆணுக்குப் பாசிட்டிவ் என்றால் கர்ப்பத்தின் 28-ஆம் வாரத்திலும், பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் 72 மணி நேரத்துக்குள்ளும், தாயின் உடம்பு குழந்தையின் ரத்தத்தை எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி. கருச்சிதைவு ஆனாலும் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

7. சொந்தத்தில் கட்டிக்கொள்கிறீர்களா?

அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்றால் கூடுதலாக ஒரு படி. எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையோடு குழந்தை பிறக்க இரண்டு, மூன்று சதவீத வாய்ப்பு இருக்கிறது. அத்தை, மாமன் பிள்ளைகளுக்கு இது ஏறத்தாழ இரு மடங்கு. தாய்மாமன் உறவு இன்னும் நெருக்கம். மரபணுவில் எட்டில் ஒரு பங்கு குழந்தைக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகவே வரும் கணக்கு. குடும்ப மரத் தாளோடு மரபணு ஆலோசகரைப் பாருங்கள். விரிவான கேரியர் பரிசோதனைக்கு ஒருவருக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும், முடிவு வரச் சில வாரங்கள். குடும்பத்தில் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட குழந்தை இருந்தால், முதலில் அந்தக் குழந்தைக்குப் பரிசோதனை செய்வதுதான் சரியான வழி. அதன் முடிவு கையில் இருந்தால் உங்களுக்கு எதைத் தேடுவது என்று தெரியும், செலவும் குறையும்.

8. பணத்தை வீணாக்க வேண்டாம்

‘டார்ச் பேனல்’ (கருவைப் பாதிக்கும் சில தொற்றுகளுக்கான பரிசோதனைத் தொகுப்பு) முழுவதும் தேவையில்லை, ருபெல்லா போதும். புற்றுநோய் மார்க்கர்கள் வேண்டாம். பெண்ணின் ஏ.எம்.ஹெச். (கருமுட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்) அளவை வைத்து இயல்பாகக் குழந்தை நிற்குமா என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த எண் குறைவாக வந்தால் வீடே கலங்கிவிடும். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கு ஸ்கேன் எழுதுவார்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதே போதும், சிறுநீர் முட்டும் அளவுக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும். ஆணுக்கு விந்துப் பரிசோதனை எல்லாருக்கும் தேவையா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. சிறுவயதில் விரை இறங்காதது, அங்கே ஆபரேஷன், பெரிய வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது என்று காரணம் இருந்தால் எடுக்கலாம். எடுத்தால் அதற்கு முன் விந்து வெளியேறாமல் இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி வேண்டும். சமீபத்தில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள்.

‘கன்னித்தன்மை’ பரிசோதனை என்று யாராவது வாயெடுத்தால் அங்கேயே மறுத்துவிடுங்கள். அப்படி ஒரு மருத்துவப் பரிசோதனையே கிடையாது. உலக சுகாதார நிறுவனமும் அதையேதான் சொல்கிறது.

9. செலவும் லேபுக்குப் போகும் நாளும்

அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டால் சி.பி.சி., சர்க்கரை, ரத்த வகை, ஹெச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, வி.டி.ஆர்.எல். எல்லாம் இலவசம். ஹெச்.பி.எல்.சி. பெரிய மருத்துவமனைகளில்தான் கிடைக்கும். தனியார் லேபில் நான் விசாரித்தவரை தோராயமாக: சி.பி.சி. 300 முதல் 400 ரூபாய், ஹெச்.பி.எல்.சி. 800 முதல் 1,500, ஹெபடைட்டிஸ் பி 300 முதல் 500, டி.எஸ்.ஹெச். 250 முதல் 350, ஹெச்பிஏ1சி 400 முதல் 600, ருபெல்லா 600 முதல் 800. ஊசிகளில் ஹெச்.பி.வி.தான் கனம். இந்தியத் தயாரிப்பான செர்வாவேக் தவணைக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய், வெளிநாட்டு ஊசி அதைவிடக் கூடுதல். ஹெச்.பி.வி.யை விட்டுவிட்டால் ஒருவருக்கு மூன்றாயிரத்திலிருந்து ஐயாயிரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும், மணமேடை அலங்காரத்தில் ஒரு தூணுக்குக்கூடக் காணாது.

லேபில் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் (ஆய்வகத் தரத்துக்கான தேசியச் சான்று) இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரை சீட்டில் இருந்தால் எட்டு மணி நேரம் சாப்பிடாமல் போங்கள், தண்ணீர் குடிக்கலாம். பயோட்டின் உள்ள முடி மாத்திரை தைராய்டு அளவைப் பொய்யாகக் காட்டும், இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். மாதவிலக்கு நாட்களில் சிறுநீர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடுங்கள். பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: கைபேசி எண். அண்ணனோ அப்பாவோ ஆப்பில் பதிவு செய்தால் ரிப்போர்ட் அவர் வாட்ஸ்அப்புக்குத்தான் போகும், அங்கிருந்து குடும்பக் குழுவுக்குப் போக நேரமாகாது. உங்கள் எண்ணையும் மின்னஞ்சலையும் மட்டும் கொடுங்கள்.

10. ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு

சிவப்பு எழுத்தில் வந்ததையெல்லாம் இணையத்தில் தேடாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே இருவரும் சேர்ந்து போங்கள். பெரிதாக ஏதாவது வந்தால் வேறொரு லேபில் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொண்டு பிறகு பேசுங்கள்.

தெரிந்த நோயை மறைத்துக் கட்டிக்கொள்வதில் சட்டச் சிக்கலும் உண்டு. இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் வாங்கியிருந்தால் அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மோசடி தெரியவந்த ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். வலிப்பு, மனநலச் சிகிச்சை, பழைய அறுவைச் சிகிச்சை எதுவானாலும் துணையிடம் நேரில் சொல்லுங்கள், தரகர் வழியாக வேண்டாம்.

பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். முன்னெச்சரிக்கைப் பரிசோதனைச் செலவில் 5,000 ரூபாய் வரை, மருத்துவக் காப்பீட்டுக்கான உச்சவரம்புக்குள், வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் செல்லும்.

ரிப்போர்ட்டுகளை ஒரே கோப்பில் போட்டு வையுங்கள், கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது பாதி அங்கேயே கேட்பார்கள். உடனே குழந்தை வேண்டும் என்று நினைத்தால், முயற்சி செய்வதற்கு ஒரு மாதமாவது முன்பிருந்து பெண் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிட வேண்டும். வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கு அளவு வேறு, மருத்துவரிடம் கேளுங்கள். மூன்றாவது ஹெபடைட்டிஸ் பி ஊசியின் தேதியை இருவர் கைபேசியிலும் இப்போதே அலாரம் வைத்துவிடுங்கள். மறுவீடு, விருந்து, தேனிலவு என்று அலையும் நாட்களில் பலருக்கு விட்டுப்போவது அந்த ஒரு ஊசிதான்.